"அது கிடக்கட்டும்" என்று எப்படி எழுதினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 69. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஊர். ஒரே மகன், 42 வயது. அமெரிக்காவில் கொலராடோவில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். நானும் வீட்டிலும் இரண்டு தடவை போய் வந்திருக்கிறோம். விசா இன்னும் ஆறு வருடத்துக்கு இருக்கிறது. அவன் ஆபீஸ் நண்பர்களோடு வில் பழகுவது தெரியும், ஏதோ விளையாட்டு என்று இருந்துவிட்டோம். இந்தப் புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமை, ஒரு போட்டோ அனுப்பினான். செத்த மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் துப்பாக்கி மாதிரி ஒரு வில். இது என்னப்பா புது வில் என்று கேட்டேன். ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்து வலது தோளில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் ஆகிறது, பழைய வில்லை இழுக்க முடியவில்லை, இது குறுக்குவில், கை முடியாதவர்களுக்கு அரசாங்கமே அனுமதி கொடுக்கிறது என்றான். அது கிடக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஓர் உயிரைக் கொல்லலாமா? பங்காளிகள் காதுக்கும் போய்விட்டது. இரண்டு மாதமாக நான் அவனிடம் பேசவில்லை. வீட்டில் அழுதுகொண்டே இருக்கிறாள். என் மைத்துனர் வேறு, வரும்போது அந்த வில்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள், தோப்பில் பன்றித் தொல்லை என்கிறார். இந்த வேட்டையை எப்படி விடவைப்பது? ஏதாவது பரிகாரம் உண்டா? (நாலு பக்கக் கடிதம், இங்கே சுருக்கம்.)

பதில்: அண்ணே, உங்கள் கடிதத்தில் மானுக்கு மூன்று பக்கம். பங்காளிகளுக்கு முக்கால் பக்கம். உங்கள் மகனுடைய தோளுக்கு ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் முடிந்த கையோடு "அது கிடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வார்த்தையையும் பேனாவால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எது கிடக்கட்டும்?

பிள்ளை மாறிப்போய்விட்டான் என்று வரும் கடிதங்களுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. ஒரு மாதம் மாட்டுக்கறி, ஒரு மாதம் பச்சை குத்தியது, ஒரு மாதம் வேறு சாதிப் பெண். இந்த மாதம் மான். கவலைப்படாதீர்கள், காலம் சரியாக்கும் என்று அவர்களுக்கெல்லாம் நான் எழுதியதில்லை, உங்களுக்கும் எழுதப்போவதில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியவர்தான். ஆனால் மானைப் பற்றி அல்ல.

எட்டு மாதத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். ஜனவரி என்றால் தைப்பொங்கல். அன்றைக்கு நீங்கள் போன் போட்டிருப்பீர்கள். பால் பொங்கிருச்சா என்று கேட்டிருப்பீர்கள். பொங்கிருச்சு அப்பச்சி என்று அவனும் சொல்லியிருப்பான். கை தூளியில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கும். வீடியோவில் பேசியிருந்தால் கழுத்துக்குக் கீழே தெரியாதபடி பிடித்திருப்பான். இல்லையென்றால் கேமரா சரியில்லை என்று சொல்லியிருப்பான்.

தோள் தசைநார் தைப்பது சின்ன ஆபரேஷன் இல்லை அண்ணே. நாலிலிருந்து ஆறு வாரம் கையைத் தூளியில் போட்டு அசையாமல் வைத்திருப்பார்கள். படுத்துத் தூங்க முடியாது. முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் பலருக்கு ராத்திரி கழியும். சட்டையைப் போடவேண்டுமென்றால் கட்டிய கையை முதலில் நுழைத்து அப்புறம் நல்ல கையை நுழைக்க வேண்டும், பொத்தானை இன்னொருவர் போட்டுவிட வேண்டும். சாப்பாடு இடது கையில், கரண்டியில். தூளியைக் கழற்றின பிறகுதான் மெனக்கெட வேண்டிய வேலையே இருக்கிறது. சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக ஏற்றி, நேற்று தொட்ட உயரத்துக்கு இன்று ஓர் அங்குலம் மேலே தொட வேண்டும். அப்படியே ஆறு மாதம், ஒரு வருடம் போகும். சிலருக்குப் பழைய பலம் முழுசாகத் திரும்புவதே இல்லை.

இத்தனையையும் உங்கள் மருமகள் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, அந்தப் பனியில் பார்த்திருக்கிறாள். நாலு பக்கக் கடிதத்தில் "மனைவி" என்று ஒரு இடத்தில் வருகிறாள், அவ்வளவுதான். ஆறு வருடம் விசா பாக்கியிருக்கிற அப்பச்சியும் ஆத்தாவும் காரைக்குடிப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவைத்தது அவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்த பிறகு இரண்டு மாதம் ஆகிறதே?

நம் சீமையில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன காலம் ஒன்று இருந்தது. பர்மாவுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் அங்கே காய்ச்சலில் கிடந்ததை ஊருக்கு எழுதமாட்டார்கள். கப்பலில் கடிதம் வந்து சேரும் முன்னே ஆள் தேறியிருப்பார், இல்லை முடிந்திருப்பார். எழுதி என்ன பயன்? இங்கே இருக்கிறவள் அழுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. அந்த மறைப்பில் ஒரு நியாயம் இருந்தது. உங்கள் மகன் மறைத்ததில் அந்த நியாயம் இல்லை. நீங்கள் இரண்டாம் நாள் போய் இறங்கியிருக்கலாம். அப்படியும் சொல்லவில்லை என்றால், வருவார்களே என்று நினைத்தா சொல்லாமல் விட்டான்? வந்து என்ன பேசுவார்களோ என்று நினைத்திருக்கிறான்.

திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான். கண்மாயில் பறவைகள் கூடு கட்டியிருக்கும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல, சத்தம் கேட்டால் பறவை பறந்துவிடும், அடுத்த வருடம் வராது என்று அந்தச் சனத்துக்குத் தெரியும். குழந்தைகளும் அதைத் தெரிந்தே வளர்கின்றன. உயிர்கள் மேல் உங்களுக்கு இருக்கிற இரக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அது நல்ல குணம். ஆனால் உங்கள் வீட்டில் நீங்கள் போட்ட சத்தத்தில் ஒரு பிள்ளை பறந்து போயிருக்கிறான் அண்ணே. கை முறிந்தாலும் வீட்டில் சொல்லக்கூடாது என்று ஒரு 42 வயது ஆண்பிள்ளை முடிவு செய்கிறான் என்றால், அந்த முடிவு இந்த ஜனவரியில் எடுத்தது அல்ல. அவனுக்கு எட்டு வயதிலோ பத்து வயதிலோ எடுத்தது. என்ன நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். யோசித்துப் பாருங்கள்.

அந்தப் போட்டோவுக்கு வருகிறேன். அது புரட்டாசி என்று அவனுக்குத் தெரியும். உங்கள் குணமும் தெரியும். ஆபரேஷனையே எட்டு மாதம் மறைத்தவனுக்கு ஒரு மானை மறைப்பதா கஷ்டம்? அப்படியும் அனுப்பினான். வில்லைத் தரையில் போட்டுவிட்டு எடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறான். நீங்கள் கேட்க வேண்டும் என்றுதான் அனுப்பினான் என்று நான் நினைக்கிறேன். நீங்களும் கேட்டீர்கள். "இது என்னப்பா புது வில்" என்ற அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்திலேயே நீங்கள் செய்த ஒரே நல்ல காரியம். கதவைத் திறந்தீர்கள், அவன் உண்மையைச் சொன்னான். உடனே கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மாதமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்த வில் என்ன என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். அவன் முன்பு வைத்திருந்தது காம்பவுண்ட் வில்லாக, அதாவது இரண்டு முனையிலும் கப்பி வைத்த வில்லாக இருக்கும். அதை இழுக்க இருபது கிலோவுக்கு மேல் பலம் வேண்டும், கடைசியில் பாரம் குறைந்தாலும் அந்த முதல் இழுப்பைத் தோள்தான் தாங்க வேண்டும். மான் திரும்பும் வரை இழுத்தபடியே நிற்கவும் வேண்டும். தைத்த தோளுக்கு அது ஆகாது. குறுக்குவில் என்பது துப்பாக்கிக் கட்டை மேல் வில்லைப் படுக்கவைத்த மாதிரி. நாணைப் பின்னால் இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் அது தானாக நிற்கும், விசையை அமுக்கினால் அம்பு போகும். நாணை மாட்டுவதற்கும் கயிறு உண்டு, கையால் சுற்றுகிற திருகும் உண்டு. வில்லின் வளையத்தில் காலை வைத்துத் திருகைச் சுற்றினால் ஒரு நல்ல கையே போதும்.

கொலராடோவில் செப்டம்பரில் வில் வேட்டைக்கென்று தனி நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் குறுக்குவில் கூடாது என்பதுதான் அங்கே பொது விதி. கை முடியாதவர்களுக்கு மட்டும், டாக்டர் சான்று காட்டினால் விலக்கு. வேறு பல மாநிலங்களிலும் ஒரு காலத்தில் இதே விதிதான், இப்போது எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கொலராடோ திறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்த மனிதனால் வில்லை இழுக்க முடியாது என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் உங்கள் மகனிடம் இருக்கிறது. வேட்டை லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசுக்குத் தெரிந்திருக்கிறது. கூடப்போன நண்பர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றவர்களுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

சரி, பாவம், பரிகாரம் என்று கேட்டீர்கள். வேட்டை எனக்கும் பிடிக்காது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோலா உருண்டை உருட்டுவது இல்லையா? ஆட்டுக்கு ஒரு நியாயம், மானுக்கு ஒரு நியாயமா? அங்கே அந்த மான் லைசென்ஸ் குலுக்கலில்தான் கிடைக்கும், ஆணா பெண்ணா, எந்த இடத்தில், எந்தத் தேதிக்குள் என்று அதிலேயே இருக்கும். அடித்தால் இறைச்சியை வீணாக்கக்கூடாது என்பதும் சட்டம். சட்டத்துக்கு உட்பட்டு, தின்பதற்கு அடித்திருக்கிறான். புரட்டாசிச் சனிக்கிழமையில் செய்தது தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு தடவை சொல்லுங்கள். இரண்டு மாதம் பேசாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. பரிகாரம் ஒன்றும் எனக்குத் தெரியாது, கோயிலில் கேளுங்கள்.

பங்காளிகளைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை. அவர்கள் யாரும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடவில்லை.

மைத்துனரிடம் மட்டும் இன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இங்கே வேட்டை 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி என்றாலும் வில் என்றாலும் கண்ணி என்றாலும் ஒன்றுதான். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மயில் மாதிரி உச்சப் பாதுகாப்பில் இருப்பதைத் தொட்டால் குறைந்தபட்சமே மூன்று வருடம். கை ஊனம், அனுமதிச் சீட்டு என்ற பேச்செல்லாம் அந்த ஊர் விதி, இங்கே செல்லாது. பன்றி தோப்பைக் கிளறினால் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து இழப்பீடு கேட்கட்டும்.

உங்கள் மகன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அவன் இதைப் படித்தாலும் படிக்கட்டும். அப்பச்சி கோபக்காரர் என்பது அவரிடம் மறைக்க ஒரு சாக்காகலாம், ஆத்தாவிடம் மறைக்க அது ஆகாது. தம்பி, கை கட்டியிருந்த நாளில் உன்னைப் பெற்றவளுக்கு உன் தலையைச் சீவிவிடுகிற உரிமை இருந்தது. அதை நீ பிடுங்கிவிட்டாய். போனில் அவர்கள் அழுதால் தாங்கிக்கொள்ள வேண்டியது உன் கடமை. பயந்து எட்டு மாதம் பொய் சொல்வது நல்ல பிள்ளைக்கு அழகில்லை.

அண்ணே, "வீட்டில் அழுதுகொண்டே இருக்கிறாள்" என்று எழுதினீர்களே, எதற்கு அழுகிறார்கள் என்று கேட்டீர்களா? மானுக்காக என்று நீங்களே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் போட்டோவை ஆச்சி கையில் கொடுத்து, எங்கே பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் கண் மான் மேல் நிற்காது. அவன் வலது தோள், இடது தோளை விட இறங்கி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

போன் பண்ணுங்கள். நம் ஊரில் காலை எட்டு என்றால் இந்தப் பனிக்காலத்தில் அவனுக்கு முந்தின நாள் இரவு ஏழரை, சாப்பிட்டு முடித்திருப்பான். வில்லைப் பற்றி எடுக்க வேண்டாம். கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடிகிறதா, பயிற்சிக்கு இன்னும் போகிறானா என்று கேளுங்கள். பதிலைக் கடைசி வரை கேளுங்கள். வேட்டையைப் பற்றி ஒன்று கேட்டே ஆகவேண்டும் என்றால் இதைக் கேளுங்கள்: மரத்தில் பரண் கட்டி ஏறுகிறாயா, தனியாகவா போகிறாய்? வேட்டைக்குப் போகிறவர்கள் அங்கே அடிபடுவதற்கு ஒரு பெரிய காரணம் பரணிலிருந்து விழுவது. ஒரு கை முடியாதவன் ஏறினால் என்ன ஆகும் என்று ஓர் அப்பச்சி பயப்படலாம், அந்தப் பயம் அவனுக்குத் தெரியவும் வேண்டும். தரையில் மறைப்புக் கட்டி உட்காரச் சொல்லுங்கள். விசையை அமுக்கும்போது நாண் ஓடுகிற வழியில் விரல் நிற்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நின்றால் நாண் கட்டைவிரலைக் கொண்டுபோய்விடும்.

கார்த்திகைத் தீபம் முடிந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. முடிந்தால் அதற்குள் போய்ச் சேருங்கள், விசா இருக்கிறதே. நோன்புக்கான நூல் இழையைத் திரித்து, மாவில் திரியாக வைத்து ஏற்றி, நீங்களே அவன் கையில் கொடுங்கள். வலது கையை எவ்வளவு தூரம் நீட்டுகிறான் என்று அப்போது தெரிந்துவிடும்.

அதுவரை போன்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் அண்ணே. அவன் எடுத்ததும் நீங்கள் பேச ஆரம்பிக்காதீர்கள். போனை முதலில் ஆச்சி கையில் கொடுங்கள்.