ஃபார்ம நிரப்புற பட்டன் வேணுமா வேண்டாமா – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன், லோன் அப்ளை பண்ற ஆப். பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி, மொபைல், பான், ஆதார், ரெண்டு அட்ரஸ், பேங்க் டீட்டெயில்ஸ், சம்பளம், ரெஃபரன்ஸ் ரெண்டு பேருன்னு ஃபார்ம் மட்டும் அஞ்சு ஸ்க்ரீன் போகும். தினம் புது பில்டு, அதாவது ஆப்போட புது வெர்ஷன், வரும், ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து டைப் பண்ணணும், அதுக்கப்புறம்தான் நான் பாக்க வேண்டிய ஈஎம்ஐ ஸ்க்ரீனே வரும். டெவலப்பர் தம்பி ஒருத்தன் "அக்கா ஒரு பட்டன் வெச்சுத் தரேன், அமுக்குனா எல்லாம் ஃபில் ஆயிடும்"ங்கறான். டீம் லீட் வேண்டவே வேண்டாங்கறார், அந்த பட்டனோட ஆப் ப்ளே ஸ்டோருக்குப் போயிட்டா யார் பதில் சொல்றதுன்னு கேக்கறார், அதோட டெஸ்டர்னா யூசர் மாதிரி கையால டைப் பண்ணித்தான் பாக்கணுமாம். ரெண்டு பேர் சொல்றதும் சரின்னுதான் தோணுது. இப்போதைக்கு என் நம்பர், எங்க அப்பாவோட பான், இதப் போட்டுத்தான் ஓட்டிட்டிருக்கேன், ஏன்னா செக் எல்லாம் பாஸ் ஆகுது. ஐபோன்லயும் பாக்கணும். என்ன பண்ணலாம்? பேர் மட்டும் போட வேண்டாம்.

*

வணக்கம்மா,

ரெண்டு பேரும் வேற வேற வேலையப் பத்திப் பேசறாங்க, அதனாலதான் ரெண்டும் சரின்னு படுது. ஈஎம்ஐ ஸ்க்ரீன டெஸ்ட் பண்ற அன்னிக்கு அந்த அஞ்சு ஸ்க்ரீன் ஃபார்ம் உங்களுக்கு வெறும் வழி, அத பட்டன் அமுக்கித் தாண்டிப் போறதுல ஒரு தப்பும் இல்ல. ஃபார்மையே டெஸ்ட் பண்ற அன்னிக்கு பட்டன் பக்கமே போகக் கூடாது, கட்டை விரலால டைப் பண்ணணும், அங்க உங்க லீட் சொல்றதுதான் சரி. பிரச்சனை என்னன்னா பட்டன் வந்தப்புறம் ஃபார்ம டெஸ்ட் பண்ற நாள்னு ஒண்ணு வரவே வராது, எல்லாரும் தாண்டிப் போயிட்டே இருப்பாங்க. அதனால பட்டன் கேக்கும்போதே, ரிலீஸுக்கு முன்னாடி ஒரு தடவை ஃபுல்லா கையால, அதுவும் ஒரு சாதாரண சின்ன ஸ்க்ரீன் ஃபோன்லன்னு சேத்து எழுதி வாங்கிக்கங்க.

ப்ளே ஸ்டோருக்குப் போயிடும்ங்கற பயம் நியாயமானதுதான், ஆனா அதுக்கு வழி இருக்கு. டெவலப்பர் தன் வேலைக்கு ஓட்டற பில்டுக்கு டீபக் பில்டுன்னு பேரு, ஸ்டோருக்குப் போறது ரிலீஸ் பில்டு. நிறைய பேர் பண்றது, ஆப் கோடுக்குள்ளயே "டீபக் பில்டா இருந்தா பட்டனக் காட்டு"ன்னு ஒரு இஃப் போடறது. அது பட்டன மறைக்கும், அவ்வளவுதான். அந்த கண்டிஷன யாராவது மாத்தி எழுதிட்டாலோ, டெஸ்ட் லாகின், பாஸ்வேர்டெல்லாம் வேற எங்கயாவது ஒரு ஃபைல்ல கெடந்தாலோ ரிலீஸ் ஏபிகேக்குள்ள, அதாவது ஃபோன்ல இன்ஸ்டால் ஆகற ஃபைலுக்குள்ள, அப்படியே போயிடும், ஏபிகேவப் பிரிச்சுப் பாக்க இன்னிக்கு ஒரு காலேஜ் பையன் போதும். ஆண்ட்ராய்டுல டீபக்குக்குன்னு தனி சோர்ஸ் ஃபோல்டர் இருக்கு, பட்டனும் அதோட டேட்டாவும் மொத்தமா அதுக்குள்ள இருந்தா ரிலீஸ் பில்டுல அது கம்பைலே ஆகாது, ஆப்புக்குள்ளயே சேராது. உங்களுக்கு ரிலீஸ் மாதிரி பில்டுதான் தராங்கன்னா டெஸ்டிங்குக்குன்னு க்யூஏங்கற பேர்ல மூணாவதா ஒரு பில்டு டைப் போடச் சொல்லுங்க. தம்பிக்கு இது பெரிய வேலையே இல்ல.

லீட் அதுக்கும் ஒத்துக்கலன்னா ஆப்பத் தொடாமலே பண்ணலாம். ஆண்ட்ராய்டு 8லேர்ந்து, 2017ல வந்ததே, ஆட்டோஃபில்லுக்குன்னு சிஸ்டத்துலயே ஒரு ஏற்பாடு இருக்கு, பாஸ்வேர்ட் மேனேஜர் எல்லாம் அத வெச்சுத்தான் வேலை செய்யுது. அதே மாதிரி ஒரு குட்டி ஆட்டோஃபில் சர்வீஸ் நீங்களே எழுதி டெஸ்ட் ஃபோன்ல மட்டும் போட்டு செட்டிங்ஸ்ல செலக்ட் பண்ணிட்டா, எந்த ஆப்போட ஃபார்மையும் நீங்க வெச்சிருக்கற டெஸ்ட் டேட்டாவால நிரப்பும், ரிலீஸ் பில்டுலகூட. ஆப்ல ஒரு ஃபீல்டுக்கு ஆட்டோஃபில் வேண்டாம்னு ஆஃப் பண்ணி வெச்சிருந்தா அங்க மட்டும் வராது. கம்ப்யூட்டர்லேர்ந்து ஏடிபிங்கற ஆண்ட்ராய்டு டூல் வழியா டெக்ஸ்ட் அனுப்பறதும் இருக்கு, இங்கிலீஷுக்கு ஓகே, தமிழ்ல அனுப்பினா அது திணறிடும், அதுக்குத் தனியா ஒரு கீபோர்டு ஆப் போட்டாத்தான் நடக்கும்.

ஐபோன்ல இந்த மாதிரி எல்லா ஃபீல்டையும் நிரப்பற சர்வீஸ நம்ம இஷ்டத்துக்கு எழுத முடியாது. ஆனா செட்டிங்ஸ்ல கீபோர்டுக்குள்ள டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்னு ஒண்ணு இருக்கு பாருங்க, யாரும் கண்டுக்கறதில்ல. நாலு எழுத்து ஷார்ட்கட் டைப் பண்ணா முழு அட்ரஸும் வந்து விழும். நம்பர் மட்டும் வர்ற கீபேடுல உதவாது, மத்தபடி ஒரு லைன் கோடு எழுதாம பாதி வேலை குறையும்.

இனிமே டேட்டாவுக்கு வரேன், உங்க லெட்டர்ல எனக்கு நெருடுனது அதுதான்.

1938ல அமெரிக்கால நியூயார்க் மாநிலத்துல லாக்போர்ட்னு ஒரு ஊர்ல பர்ஸ் செய்யற கம்பெனி ஒண்ணு, அரசாங்கம் ஆளுக்கொரு நம்பர் போட்டுக் குடுக்கற, புதுசா வந்திருந்த சோஷியல் செக்யூரிட்டி கார்டு பர்ஸ்ல எவ்வளவு அழகா உக்காருதுன்னு காட்ட, மாதிரி கார்டு ஒண்ண உள்ள வெச்சு வித்தாங்க. நம்பர் வேணுமே, ஆஃபீஸ்ல வேலை பாத்த ஒரு செக்ரட்டரியோட உண்மையான நம்பரையே அடிச்சிட்டாங்க. கார்டு நிஜக் கார்டுல பாதி சைஸ்தான், முழுக்க சிவப்புல, மேல மாதிரின்னு வேற போட்டிருந்தது. அப்படியும் வாங்குனவங்க அது தன்னோட நம்பர்னு நெனச்சு எழுத ஆரம்பிச்சாங்க. 1943ல மட்டும் 5,755 பேர் அதே நம்பர், மொத்தமா பாத்தா 40,000 பேருக்கு மேல, 1977லகூட 12 பேர் அத வெச்சிருந்திருக்காங்க. அந்தம்மாவுக்கு அரசாங்கம் வேற நம்பர் குடுத்தது. டெஸ்ட் டேட்டான்னு நாம வெச்சா அது டெஸ்ட்டோட நிக்கும்னு யாரும் கேரண்டி தர முடியாது, அதனால டெஸ்ட் டேட்டால இருக்கற ஆள் நிஜத்துல யாராவும் இருக்கவே கூடாது. பட்டன் வைக்கறதா வேண்டாமாங்கறத விட எனக்கு இதுதான் முக்கியம்.

"அப்ப ரேண்டமா போட்டுக்கறேன்"னு சொல்வீங்க. நம்ம நாட்டுல ரேண்டமாப் போட்டா யார் தலையிலயாவது போய் விழும். மொபைல் நம்பர் 6, 7, 8, 9ல ஆரம்பிக்கற பத்து டிஜிட், மொத்தம் 400 கோடி நம்பர்தான் சாத்தியம், ஓடிட்டிருக்கற கனெக்ஷன் 110 கோடிக்கு மேல. கண்ண மூடிட்டு ஒரு நம்பர் அடிச்சாலே நாலுல ஒண்ணு யாரோ ஒருத்தர் பாக்கெட்ல அடிக்கும். ஒன்பதுல ஆரம்பிச்சு வரிசையா இறங்குமே, நாடு முழுக்க எல்லா டெவலப்பரும் போடற அந்த நம்பர், அதுக்கு சிம் வெச்சிருக்கறவங்க யாராவது இருந்தா அவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க, லோன் ஆப்னா ஓடிபியோட நிக்காது, ட்யூ டேட் மெசேஜும் போகும்.

ஆதார் இன்னும் வேடிக்கை. கடைசி டிஜிட் வெர்ஹோஃப்னு ஒரு டச்சுக் கணித ஆள் 1969ல போட்ட கணக்குப்படி வர்ற செக் டிஜிட், மத்த டிஜிட் தப்பில்லையான்னு சரிபாக்கறது. ரேண்டமா 12 டிஜிட் போட்டா பத்துல ஒன்பது தடவை உங்க ஆப் தூக்கி எறிஞ்சிடும், உடனே டெவலப்பர் செக் டிஜிட்டையும் சரியாக் கணக்குப் பண்ணிப் போடற மாதிரி பட்டன எழுதிடுவான். முதல் டிஜிட் 0, 1 வராதுங்கறதால செல்லுபடியாகற நம்பர் மொத்தம் 8,000 கோடி, குடுத்திருக்கறது 130 கோடிக்கும் மேல, அப்ப அந்த பட்டன ஏறக்குறைய அறுபது தடவை அமுக்கினா ஒரு தடவை உண்மையான ஒருத்தர் ஆதார் வந்து உக்காரும். சோதனைக்குன்னு கேவைசி (ஆள் அடையாளம் சரிபாக்கற) வெண்டர் குடுக்கற சாண்ட்பாக்ஸ் நம்பர்கள் இருக்கும், அத வாங்கி ஃபிக்ஸா வைங்க, இங்க ரேண்டமே வேண்டாம்.

பான்ல ஒரு வசதி இருக்கு. நாலாவது எழுத்து அது யாரோடதுங்கறதச் சொல்லும், தனி ஆள்னா பி, கம்பெனின்னா சி. எல்லாரும் போடற ஏபிசிடிஇ1234எஃப்ல நாலாவது எழுத்து டி, அப்படி ஒரு வகையே கிடையாது, அதனால அந்த பான் யாருக்கும் சொந்தமில்ல. நல்ல டம்மி அதுதான், அது போலின்னு அதுவே சொல்லுது. உங்க ஆப் அத ஏத்துக்கிட்டா ஒரு பக்கும் (ஆப்ல இருக்கற தப்பும்) கையோட கெடச்சிடும், ரிஜெக்ட் பண்ணா வெண்டர் குடுத்தத போட்டுக்கங்க. ஈமெயிலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம், 1999லயே இதுக்குன்னு ஒதுக்கி வெச்சது, யாருக்கும் போகாது. டெஸ்ட் டாட் காம்னு போடறாங்க பாருங்க, அது சொந்தக்காரர் இருக்கற டொமைன். ஓடிபி கூகுளோட ஃபயர்பேஸ் சர்வீஸ் வழியான்னா கற்பனை நம்பரும் அதுக்கு ஃபிக்ஸான கோடும் கன்சோல்லயே செட் பண்ணிக்கலாம், எஸ்எம்எஸ்ஸே போகாது, உங்க நம்பரும் தப்பிக்கும்.

அடுத்தது, பட்டன் எப்பவும் ஒரே ஆளையே நிரப்பக் கூடாது. தம்பி எழுதற முதல் ஆள் எப்படியும் ராகுல் குமார், பெங்களூரு, சம்பளம் அம்பதாயிரம்னுதான் இருப்பான், அவனுக்கு எந்த ஃபார்மும் எப்பவும் வேலை செய்யும். பட்டனுக்குப் பின்னாடி ஒரு எட்டு பத்து பேர வைங்க, அமுக்க அமுக்க ஆள் மாறட்டும். இனிஷியல் மட்டும் உள்ளவர், அதுவும் புள்ளியோட. லாஸ்ட் நேமே இல்லாத ஒருத்தர், நம்ம ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான், லாஸ்ட் நேம் கட்டாயம்னு ஸ்டார் போட்ட ஃபார்ம்ல நம்மாளுங்க அப்பா பேரையும் புள்ளியையும் போட்டு எப்படியோ தாண்டிப் போயிட்டிருக்காங்க. பிப்ரவரி 29ல பிறந்தவர். அட்ரஸ்ல கதவு எண் 12/3-ஏ, பழைய எண் புது எண் ரெண்டும் உள்ளவர்.

தமிழ்ல பேர் எழுதற ஒருத்தர் கண்டிப்பா வேணும். கார்த்திகேயன்னு தமிழ்ல எழுதினா நமக்கு 7 எழுத்து, புள்ளி, கொம்பையெல்லாம் தனித்தனியா எண்ணற யூனிகோட் கணக்குல 13, டேட்டாபேஸ்ல யூடிஎஃப்-8ங்கற முறைல சேவ் ஆகும்போது ஒண்ணுக்கு மூணா 39 பைட். இத்தனை எழுத்துக்கு மேல கூடாதுன்னு ஆப்ல ஒரு கணக்கும் சர்வர்ல ஒரு கணக்கும் வெச்சிருந்தா பேர் நடுவுல வெட்டுப்படும். அத விடக் கொடுமை, எந்த மொழி எழுத்தும் ஓகேன்னு நெனச்சு எழுதற ரெகெக்ஸ், அதாவது எந்த எழுத்து வரலாம்னு பாக்கற பேட்டர்ன், எழுத்துங்கற யூனிகோட் வகைய மட்டும் கேட்டா தமிழ்ப் பேர ரிஜெக்ட் பண்ணிடும், ஏன்னா புள்ளியும் கால் கொம்பும் யூனிகோட்ல எழுத்து வகைல இல்ல, குறி வகைல இருக்கு. ராகுல் குமார வெச்சு வருஷக்கணக்கா டெஸ்ட் பண்ணாலும் இது வெளிய வராது. போலி டேட்டா உருவாக்கற பைத்தான் ஃபேக்கர் லைப்ரரில தமிழ் பேருக்குத் தனி லொக்கேலே (மொழிப் பிரிவே) இருக்கு, பேருக்கு மட்டும் அத எடுத்துக்கலாம்.

பட்டன் எதக் காட்டவே காட்டாதுங்கறதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க, கையால டைப் பண்ற நாள்ல அதத்தான் தேடணும். ஐபோன்ல கோடு வழியா டெக்ஸ்ட்ட வெச்சா, யூசர் டைப் பண்ணும்போது எழுத்து மாறிச்சுன்னு ஆப்புக்குச் சொல்ற இவென்ட் எதுவும் ஓடாது, ஆப் எழுதற ஃப்ளட்டர்ங்கற டூல்லயும் கோடு (கண்ட்ரோலர்) வழியா வெச்சா அதே வேலை செய்யற ஆன்சேஞ்ச்டு ஓடாது. ஃபார்ம் ஃபுல்லா நிரம்பியிருக்கும், கண்டின்யூ பட்டன் மட்டும் சாம்பல் கலர்ல செத்துக் கெடக்கும், அதச் சரி பண்ண தம்பி பட்டனுக்குன்னு ஒரு குறுக்கு வழி போடுவான், அதோட நிஜ ஃபார்ம் ஒரு மாதிரியும் பட்டன் ஃபார்ம் ஒரு மாதிரியும் ஆயிடும். நிஜ யூசர் என்ன பண்றான்னா, கீபோர்டு சஜஷன்ல ஈமெயிலத் தட்டறான், கீபோர்டு கடைசில ஒரு ஸ்பேஸையும் சேத்துப் போடுது, ஆப் இன்வேலிட்ங்குது, கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ அவன் எங்க போய்த் தேடுவான். மொபைல் நம்பர ஃபோனோட ஆட்டோஃபில்லே +91ஓட கொண்டு வந்து போடுது, ஃபீல்டுல பத்துக்கு மேல கூடாதுன்னு இருக்கறதால கடைசி மூணு டிஜிட் காலி. பேங்க் கிளைக்கான ஐஎஃப்எஸ்சி கோடுல அஞ்சாவது எப்பவும் பூஜ்யம், ஜனங்க இங்கிலீஷ் ஓ அடிக்கறாங்க. ஃபில் பண்ற பட்டன் இந்தத் தப்புல ஒண்ணையும் பண்ணாது.

கடைசியா அப்பாவோட பான். இன்னிக்கே அத நிறுத்திடுங்க. செக் எல்லாம் பாஸ் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க, எந்த செக்னு பாருங்க. ஃபார்மேட் செக் மட்டும்னா வெண்டர் குடுத்த டம்மி பானும் பாஸ் ஆகும், அது ஆகாம அப்பாவோடது மட்டும் ஆகுதுன்னா உங்க டெஸ்ட் சர்வர் எங்கயோ லைவ் சிஸ்டத்த தொட்டுட்டிருக்க வாய்ப்பு இருக்கு. அது கிரெடிட் பியூரோவா, அதாவது யார் என்ன லோன் கேட்டாங்கன்னு பதிவு வைக்கற கம்பெனியா இருந்து, ஒவ்வொரு அப்ளிகேஷனும் லோன் என்கொயரியாப் பதிவாகுதுன்னா, அவர் பேர்ல இத்தன லோன் கேட்டிருக்காருன்னு ரெக்கார்டு ஏறிட்டே இருக்கும், நாளைக்கு அவர் பேங்க்ல நிஜமா ஒரு லோன் கேட்டா அது எதிர்ல வந்து நிக்கும். ஒவ்வொரு பியூரோவும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஃப்ரீயா தரணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு, அப்பாவ எடுக்கச் சொல்லி என்கொயரிங்கற பகுதியப் பாருங்க. உங்க கம்பெனி பேர் அதுல இருந்தா ரிப்போர்ட்ட அப்படியே லீட்கிட்ட காட்டுங்க, கம்பெனியே பியூரோவுக்கு எழுதித்தான் அத எடுக்க வைக்கணும். டெஸ்ட் டேட்டாபேஸ்லேர்ந்தும் அந்த பானத் தூக்கச் சொல்லுங்க, பேக்கப் உட்பட. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல அபராதம் 250 கோடி வரைக்கும் போகும்னு சொன்னா, பட்டனுக்குத் தராத நேரத்த லீட் இதுக்குத் தருவார்.