வக்கீலாக இருந்து எம்.எல்.ஏ. ஆனவர்களில் நீங்கள் மதிப்பவர் யார்? வக்கீல் தொழில் சட்டசபையில் உதவுமா?

மதுரை அ. வைத்தியநாதய்யர். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் 11 வருஷமாகத் தொழில் செய்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்கு வேறு பெயர் வராது.

1890-ல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, மதுரையில் படித்து வளர்ந்தவர். கொஞ்ச காலம் வாத்தியார் வேலை, அப்புறம் சட்டம் படித்து இங்கேயே வக்கீல். காங்கிரசில் சேர்ந்தார், வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் அடிபட்டார், சிறைக்குப் போனார். அவர் மனைவி அகிலாண்டம்மாளும் சிறை சென்றவர்.

1939 ஜூலை 8 அன்று, அதுவரை கோயிலுக்குள் விடப்படாத தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கக்கன், முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து ஆகியோரையும், அதேபோல் தடுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்து விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். இது மதுரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு வக்கீலாக அவர் எதைத் தெரிந்துகொண்டே செய்தார் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

கமுதிக் கோயில் வழக்கு என்று ஒன்று உண்டு. 1897-ல் நாடார் சமூகத்தார் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள்மேல் போட்ட வழக்கு. மதுரை நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் போய், அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை நடந்தது. 1908-ல் வந்த இறுதித் தீர்ப்பும் அவர்களுக்கு எதிராகத்தான். வழக்கத்தில் உரிமை இல்லாதவர் உள்ளே போனால் கோயில் தீட்டுப்படும் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. மதுரையில் கோட்டு போட்ட எவருக்கும் இந்தத் தீர்ப்பு தெரியாமல் இருந்திருக்காது. சட்டம் தன் பக்கம் இல்லை என்று தெரிந்த வக்கீல், அந்தக் காலை வேளையில் கோயில் வாசலைத் தாண்டியிருக்கிறார். அவரோடு போனவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஊர் திரும்ப வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எதிர்ப்பும் வழக்குகளும் உடனே வந்தன. ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டம், பிறகு 1939-ன் 22-ஆம் சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே இரண்டு பகுதி: ஒன்று, கோயிலைத் திறக்க அனுமதி, இன்னொன்று, ஏற்கெனவே திறந்துவிட்டவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு. நடந்து முடிந்த ஒரு காரியத்துக்குப் பின்னால் சட்டம் ஓடி வந்திருக்கிறது. நான் ஜூனியராக இருந்தபோது சீனியர் ஒருவர் எதைச் சொன்னாலும் "சட்டத்துல இடம் இருக்கான்னு பாரும்மா" என்பார். தொழிலுக்கு அது சரியான பாடம்தான். ஆனாலும் இந்த 22-ஆம் சட்டத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1946 தேர்தலில் வைத்தியநாதய்யர் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில். 1939 சட்டப்படி ஒரு கோயிலைத் திறக்க அந்தந்த அறங்காவலர்கள் மனது வைக்க வேண்டும். அவர்கள் வைக்காவிட்டால்? அந்த ஓட்டையை அடைத்தது 1947-ன் 5-ஆம் சட்டம். இந்துப் பொதுமக்களுக்கு உரிய எந்தக் கோயிலிலும் எந்த இந்துவும் நுழைந்து வழிபடலாம் என்று அது உரிமையாகவே எழுதியது. அவர் உறுப்பினராக இருந்த சபை நிறைவேற்றிய சட்டம் அது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்து இன்று கர்நாடகத்தில் உள்ள மூல்கி ஊரின் வெங்கடரமணா கோயில் வழக்கில் 1958-ல் உச்ச நீதிமன்றம் பரிசீலித்ததும் இதே சட்டத்தைத்தான். கோயில் நுழைவு உரிமை அங்கே நிலைத்தது. ஆக, வக்கீல் தொழில் சட்டசபையில் நிச்சயம் உதவும். ஒரு சட்டம் கோர்ட்டில் எந்த வார்த்தையில் தோற்கும் என்று தன் வழக்குக்காரரோடு நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

1955-ல் அவர் இறந்தபோது, பெற்ற பிள்ளைகளோடு கக்கனும் மொட்டை அடித்து இறுதிச் சடங்கு செய்தார். மேலூருக்குப் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்து, அய்யர் வீட்டில் மகன் போல இருந்து, பின்னாளில் தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சரான கக்கன்.

எங்கள் குடும்பமும் மேலூர்ப் பக்கம்தான். தாத்தாவின் அப்பா சித்திரைத் திருவிழாவுக்கு நடந்தே மதுரைக்கு வந்து, கோபுரத்தைத் தெருவிலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்புவாராம். தாத்தா மீனாட்சி சன்னதிக்குள் நின்று கும்பிட்டவர். ஆனால் எங்கள் ஊர்க் கோயிலுக்குள் அவர் கால் வைத்தது, அந்த 1947 சட்டம் வந்து முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான்.