பெரியவளுக்குக் காலைச் சாப்பாடு கிடையாதா?

கேள்வி: விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள் நான். சின்னவன் மூன்றாம் வகுப்பு, காலைச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிடுகிறது. பெரியவள் இந்த வருஷம் ஆறாவது, வேறு பள்ளி, அங்கே மதியச் சத்துணவு மட்டும்தான். காலையில் வெறும் வயிற்றோடு போகிறாள். சொன்னால், ‘சோத்துக்கா பிள்ளையைப் படிக்க அனுப்புறே?’ என்கிறார் மாமியார். என்ன செய்ய?
– ஒரு வாசகி, கம்பம் பக்கம்

பதில்: முதலில் மாமியாருக்கு. ஆமாம், சோத்துக்கும்தான். 1920இலேயே சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகாமல் சாப்பாடு போட முடிவெடுத்தார்கள், பசியோடு இருக்கிற ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராது என்று தெரிந்துதான். அதற்கப்புறம் காமராஜர் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, எல்லாம் அதே காரணத்துக்காக வந்தவை. சாப்பாட்டுக்கென்று வருகிற பிள்ளைதான் அப்படியே உட்கார்ந்து படிக்கவும் செய்கிறது, இதில் கேவலப்பட ஒன்றுமே இல்லை.

சரி, பெரியவள் விஷயம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோதே 1 முதல் 5ஆம் வகுப்பு வரை என்றுதான் வந்தது. இது எனக்கு ஒப்பவில்லை, ஐந்து முடித்து ஆறுக்குப் போன பிள்ளைக்குப் பசி நின்றுவிடுமா, அதுவும் அம்மா இருட்டோடு கிளம்பிவிடுகிற தேனி மாவட்டத்து வீடுகளில் அந்த வயதுப் பெண்பிள்ளைதான் அடுப்பு, தண்ணீர், தம்பி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் தான் சாப்பிடாமல் ஓடுகிறாள், படிப்பு நிற்பதும் பெரும்பாலும் அவளுக்குத்தான். எட்டாம் வகுப்பு வரையாவது காலை உணவு நீள வேண்டும். இதை நீங்களே கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களோடு ஜீப்பில் வருகிற அம்மாக்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய், தீர்மானமாக எழுதி மேலே அனுப்பச் சொல்லுங்கள். கிராமசபையிலும் சொல்லுங்கள்.

அதுவரை, ராத்திரியே ஒரு பிடி சோறு கூடுதலாக வடித்துத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் மோர் விட்டுக் கரைத்து மாமியாரே பேத்தி கையில் கொடுக்கட்டும். அவளை அடுப்படிக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: தம்பி குடும்பத்தோடு கேரளத்து வண்டன்மேடு பக்கம் எஸ்டேட் லயத்துக்கே (தொழிலாளர் வரிசை வீடு) குடிபோகிறான். டி.சி. இன்னும் வரவில்லை. அங்கே பிள்ளைகளைச் சேர்ப்பார்களா, சாப்பாடு உண்டா?
– ஒரு வாசகர், போடி

பதில்: எட்டாம் வகுப்பு வரை என்றால் சேர்த்தாக வேண்டும். டி.சி. வரவில்லை என்று சொல்லி மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறது. இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, விசாரியுங்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டிலும் எட்டாவது வரை மதியச் சாப்பாடு உண்டு, கேரளத்தில் பாலும் முட்டையும்கூட. ஒன்பதாவது போகிற பிள்ளை இருந்தால் மட்டும் யோசியுங்கள், இங்கே பத்தாவது வரை சத்துணவு, அங்கே எட்டோடு நின்றுவிடும். காலை உணவைச் சில ஊராட்சிகள் சொந்தமாக நடத்துகின்றன, சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.