அம்மா அடித்து எழுப்பும் நாலரை மணி

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் எனக்குத் தூக்கமே வராது, அப்போதுதான் பாடமும் மண்டையில் ஏறும். அம்மாவோ நாலரைக்கே எழுப்பி, காபியைக் கையில் கொடுத்துப் படிக்க உட்கார வைத்துவிடுகிறார். யார் பக்கம் நியாயம்?
- ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: பன்னிரண்டு வரை நீ முழித்திருப்பதைத் திமிர் என்று அம்மா நினைத்தால் இதைப் படித்துக் காட்டு. தூக்கத்துக்கு நேரம் குறிக்கும் மெலடோனின், உன் வயதில் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கும். இதனால்தான் கலிபோர்னியாவில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022 முதல் அமல்படுத்தினார்கள். (நம் ஊரில் அதற்குள் ஸ்பெஷல் கிளாஸே முடிந்திருக்கும்.)

சரி, உன் கணக்குக்கு வருவோம். உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், நீ தூங்குவது நாலரை. படித்ததை மூளை பத்திரப்படுத்துவது தூக்கத்தில்தான். அதிலும் கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் நீளமாக வரும், அம்மா சரியாக அங்கேதான் கத்தரி வைக்கிறார்.

அப்புறம் அந்தக் காபி. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்துகொண்டே போகும், தூக்கம் தள்ளுவது அதனால்தான். காபியில் இருக்கும் கஃபீன் அதை விரட்டுவதில்லை, அது உட்கார வேண்டிய சீட்டில் துண்டு போட்டு வைக்கிறது, அவ்வளவுதான். துண்டை எடுத்ததும் காத்திருந்த கூட்டம் மொத்தமும் ஏறிவிடும். மூன்றாவது பீரியடில் கெமிஸ்ட்ரி நோட்டில் பாதி எழுத்தோடு பேனா கீழே கோடு இழுத்துக்கொண்டு போயிருக்குமே, அதுதான்.

வாரத்துக்குக் கால் மணி நேரமாகப் படுக்கையை முன்னால் தள்ளு, பத்தரைக்கு வரும் வரை. எழுவது ஆறரைக்கு. எழுந்ததும் மொட்டை மாடி வெயிலில் பத்து நிமிடம் நில், உடம்புக் கடிகாரத்தைத் திருத்த அதற்கு மேல் மருந்தில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொன்று வரை தூங்கினால் எல்லாம் பாழ். போன் ராத்திரி அம்மா அறையில் இருக்கட்டும். (கோபப்படாதே!)

கேள்வி: தூங்காமலே இருந்தால் என்ன ஆகும் சார்?
- பத்தாம் வகுப்பு மாணவன், தேனி

பதில்: முயற்சி செய்து தொலைக்காதே, கின்னஸே இந்தச் சாதனையை இப்போது ஏற்பதில்லை. அமெரிக்காவின் சான் டியேகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பையன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள் விழித்திருந்தான். 1964 ஜனவரியில் முடிந்தது. கடைசி நாளில் அவனை 100லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 65க்கு வந்ததும் நிறுத்திவிட்டான். ஏனப்பா என்று கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.