கேரளத்தின் இறப்பு விகிதம் பீகாரைவிட அதிகமாக இருப்பது ஏன்?

பிறப்பு, இறப்பு விகிதங்களை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிடும் இந்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, ஆயிரம் பேருக்குக் கேரளத்தில் 7.0, பீகாரில் 5.4 இறப்புகள் நிகழ்ந்ததால், பீகார் மக்களே ஆரோக்கியமானவர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியல்ல; ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் அதே ஆண்டில் கேரளத்தில் 6, பீகாரில் 27.

மொத்த இறப்பு விகிதம், இறப்புகளை மக்கள்தொகையால் வகுப்பதோடு நின்றுவிடுகிறது, வயதைப் பார்ப்பதில்லை. அக்காலத்தில் கேரளத்தில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 16 விழுக்காடு, பீகாரில் 8 விழுக்காட்டுக்கும் குறைவு. முதியோர் மிகுந்த இடத்தில் இறப்பும் மிகுவது இயல்பே.

ஒரு கற்பனைக் கணக்கு: முதல் ஊரில் முதியோர் 20 விழுக்காடு, ஆயிரத்துக்கு இளையோரில் 2 பேரும் முதியோரில் 30 பேரும் இறக்கிறார்கள். இரண்டாம் ஊரில் முதியோர் 10 விழுக்காடு. அங்கே ஆயிரத்துக்கு இளையோரில் 3 பேரும் முதியோரில் 36 பேரும் இறக்கிறார்கள். எந்த வயதினருக்கும் முதல் ஊரே பாதுகாப்பானது; ஆயினும் மொத்த விகிதம் முதல் ஊரில் 7.6, இரண்டாம் ஊரில் 6.3.

இரண்டாம் ஊரின் வயதுப் பகிர்வையே முதல் ஊருக்கும் பொருத்திக் கணக்கிட்டால் 7.6 என்பது 4.8 ஆகிவிடும். இதையே வயது சீர்தரப்படுத்தல் என்கிறோம். எந்த வயதுப் பகிர்வை அளவுகோலாகக் கொள்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும் என்பதால், இந்த எண்ணை ஒப்பீட்டுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அங்கே உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அது சொல்லாது.