மூத்தவள் ஏன் அழுவதில்லை?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கணவர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். எங்களுக்கு எட்டு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். சரக்கு அனுப்பும் தேதி நெருங்கிவிட்டால், அவர் இரவு பத்து மணிக்கு முன் வீடு திரும்புவதில்லை. திரும்பினாலும் கைப்பேசியோடு அமர்ந்துவிடுகிறார்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, இரண்டு பேருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி முடித்து, வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில், சின்னவன் ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு மற்றொன்றைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்கும்படி கத்திவிடுகிறேன். பிறகு நாள் முழுவதும் மனம் உறுத்துகிறது. மாலையில் விடைத்தாள்களோடு உட்காரும்போது மறுபடியும் அதே கதைதான்.

“நாங்களெல்லாம் நாலு பிள்ளைகளை வளர்க்கவில்லையா?” என்கிறார் மாமியார். கணவரிடம் சொன்னால், “டென்ஷன் ஆகாதே” என்பதோடு முடித்துக்கொள்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் குளிப்பாட்டச் சொன்னேன். காதுக்குப் பின்னால் சோப்பு நுரையை அப்படியே விட்டுவிட்டார். அதன்பின் நானே செய்துகொள்கிறேன். மூத்தவள் மட்டும்தான் எனக்கு ஆறுதல். நான் சத்தம் போடத் தொடங்கினாலே தம்பியை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்விடுவாள், இப்போதெல்லாம் எதற்கும் அழுவதுகூட இல்லை, அவ்வளவு சமர்த்து. ஆனால் இவரோ பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்குக்கூட ஒரு முறையும் வந்ததில்லை. என் பாரத்தை இவருக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் களைப்பு உண்மையானது. இரண்டு சிறு பிள்ளைகளையும் ஒரு முழுநேர வேலையையும் ஏறக்குறைய ஒற்றை ஆளாகச் சுமக்கும் எவருக்கும் பொறுமை வற்றத்தான் செய்யும். ஆனால் கணவரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், மகளைப் பற்றி ஒரே ஒரு வரியைத்தான் இடையில் வைத்திருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

அந்தக் குழந்தை உங்களுக்கு உதவுவதற்காக மாடிக்குப் போகவில்லை. தம்பியை உங்களிடமிருந்து காப்பாற்றப் போகிறாள். இதைப் படிக்க வலிக்கும் என்று அறிந்தே எழுதுகிறேன். உங்கள் குரல் எந்த இடத்தில் உயரும், எப்போது தம்பியின் கையைப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் எட்டு வயதிலேயே அவள் கணித்து வைத்திருக்கிறாள். அம்மாவால் இதற்கு மேல் தாங்க முடியாது என்று தனக்குள் முடிவெடுத்துத் தன் அழுகையையும் நிறுத்திவிட்டாள். முன்பு அழுதவள் இப்போது அழுவதில்லை என்பதை நீங்களும் கவனித்திருக்கிறீர்கள். உள்ளூர அது உங்களைப் பயமுறுத்தியிருக்கவும் வேண்டும்.

இதனால் நீங்கள் மோசமான தாய் ஆகிவிடவில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளில், தாயின் முகம் சலனமற்றுப் போனதும் குழந்தை அவளைத் தன் பக்கம் இழுக்கப் பலவாறு முயன்று, பின் சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கண்டார். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் இப்படிப்பட்ட விரிசல்கள் அன்றாடம் விழுவது இயல்பு என்பதும், விழுந்தபின் அவை சரிசெய்யப்படுகின்றனவா என்பதே முக்கியம் என்பதும் அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. உங்கள் வீட்டில் கோபம் வருகிறது, உறுத்தலும் வருகிறது. ஆனால் அந்த உறுத்தல் உங்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிள்ளைகளின் காதுக்கு எட்டுவது கத்தல் மட்டும்தான்.

ஆகவே மகளைத் தனியாக உட்காரவைத்து, “அம்மா கத்தியது தப்பு, அதற்கு நீயும் காரணமில்லை, தம்பியும் காரணமில்லை, அவனைப் பார்த்துக்கொள்வது என் வேலை, உன்னுடையது இல்லை” என்று சொல்லுங்கள். அவள் உடனே நம்பிவிடமாட்டாள். அவள் மறுபடி அடம்பிடித்து அழும் நாள் வந்தால், அதை உங்கள்மீது நம்பிக்கை திரும்பியதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவரைப் பொறுத்தவரை, பெற்றோர் கூட்டத்துக்குக்கூட வராதது அவருடைய குறைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நுரை ஒட்டிய காதோடு மகன் வெளியே வந்த அன்று, அவனை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது நீங்கள். அரைகுறையாகச் செய்தாலும் அந்த வேலை அவருடையதாகவே இருக்கட்டும். அவரிடம் பாரத்தைப் பற்றிப் பேசுவதைவிட மகளைப் பற்றி, மேலே நான் எழுதியவற்றை, பேசுங்கள். மனைவியின் களைப்பைக் கேட்டுப் பழகிப்போனவர் மகளின் மௌனத்தைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரக்கூடும்.

இன்னொன்று, உடலையும் சோதித்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது; இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் எரிச்சலாகவும் ஓயாத அசதியாகவும் வெளிப்படலாம். கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலோ, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.