பாயின்ட் ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம்

கேள்வி: செங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் மாத விற்பனை 5 லட்சத்து 60 ஆயிரம். அப்போதுதான் என் மச்சான் மகன் சொல்லி பாயின்ட் ஆப் போட்டேன். 100 ரூபாய்க்குச் சரக்கு வாங்கினால் 2 பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய். ஆப் வாடகை, மெசேஜ் எல்லாம் சேர்த்து மாதம் 2,000 போகிறது. இப்போது விற்பனை 6 லட்சம். ஆனால் கல்லாவில் பணம் நிற்பதில்லை. மண்டிக்குக் கட்டுவதற்கு மனைவியின் நகையை வைத்து 2 லட்சம் எடுத்தேன். மாதம் 2,000 வட்டி. அதே ஆப்பில் மாதம் 4,500 ரூபாயில் 'கோல்டு பிளான்' இருக்கிறது, ஓணத்துக்கும் ஐயப்ப சீசனுக்கும் கேரள ஆட்கள் குவிவார்கள் என்று மருமகன் சொல்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் நீங்கள் கடிதத்தோடு ஆப் ரிப்போர்ட்டையும், கடனுக்குக் கொடுத்த சரக்கை எழுதும் பற்று நோட்டின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கேள்வியை விட அந்தப் பக்கங்கள்தான் அதிகம் பேசுகின்றன.

முதலில் பாயின்ட்டைப் பார்த்துவிடுவோம். 6 லட்சம் விற்பனையில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் பத்து சதவீதம், அதாவது சுமார் 60,000. கடை வாடகை, பையன் சம்பளம், கரண்ட், ஏற்றுக்கூலி இறக்குகூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 35,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 25,000. மாதம் 5 லட்சம் ரூபாய் பில்லுக்குப் பாயின்ட் ஏறுகிறது; நூற்றுக்கு இரண்டு என்றால் 10,000. பில் தொகையில் பார்த்தால் அது 2 சதவீதம்தான். உங்கள் கைக்கு வரும் 25,000-ல் பார்த்தால் 40 சதவீதம்! ஆப் விற்பவர்கள் முதல் சதவீதத்தை மட்டும்தான் சொல்வார்கள்.

மிச்சமுள்ள 15,000-ல் ஆப்புக்கு 2,000, நகை வட்டிக்கு 2,000 போனால் 11,000. வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுப்பது 20,000. பிறகு கல்லாவில் பணம் எப்படி நிற்கும்?

இந்த ஓட்டை இத்தனை நாள் முழுசாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எட்டு மாதத்தில் 80,000 பாயின்ட் கொடுத்திருக்கிறீர்கள்; ஜனங்கள் கழித்துக்கொண்டது 33,000. மீதி 47,000 அவர்கள் போனில் இருக்கிறது. அது நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன். இந்த மாதிரிப் பாயின்ட்டைப் பெரிய கம்பெனிகள் தங்கள் கணக்கில் பாக்கிப் பொறுப்பாகக் காட்ட வேண்டும் என்று இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரமே சொல்கிறது. உங்கள் நோட்டில் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

சரி, விற்பனை 40,000 கூடியிருக்கிறதே என்று கேட்பீர்கள். இங்கேதான் பற்று நோட்டின் மூன்றாவது பக்கம் வருகிறது. மேலே 'மச்சான் மெஸ்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். முதல் பதிவு, நீங்கள் ஆப் போட்ட அதே மாதம். பொன்னி இரண்டு மூட்டை, பாமாயில் டின், துவரம் பருப்பு என்று மாதம் சுமார் 40,000 ரூபாய்க்குச் சரக்கு போயிருக்கிறது. கூடிய விற்பனை முழுக்க அதுதான். ஆப்பைப் பார்த்துப் புதிதாக வந்த குடும்பம் ஒன்று கூட அந்தக் கணக்கில் இல்லை.

அந்த மெஸ் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். சொந்தக்காரர், மொத்தமாக வாங்குகிறார் என்று விலை குறைத்துப் போடுகிறீர்கள். லாபம் 4 சதவீதம்தான். 40,000-க்கு 1,600. அவர் பாக்கி இன்றைக்கு 1 லட்சத்து 10 ஆயிரம். அவ்வளவு பணம் அவரிடம் நிற்பதால்தான் நீங்கள் நகையை வைத்தீர்கள். நீங்கள் கட்டும் அதே வட்டியில் அந்தத் தொகைக்கு மாதம் 1,100. இது போதாதென்று கடனுக்கு வாங்கிய சரக்குக்கும் பாயின்ட் ஏற்றியிருக்கிறீர்கள்: மாதம் 800. ஆக 1,600 வரவு, 1,900 செலவு. உங்களிடம் சரக்கு வாங்குவதற்காக மச்சானுக்கு மாதம் 300 ரூபாய் நீங்கள் கொடுக்கிறீர்கள். ஆப் ரிப்போர்ட்டில் அதிகப் பாயின்ட் கழித்தவரும் அவரே. 6,400 ரூபாய்க்கு எண்ணெயாக எடுத்துப் போயிருக்கிறார், ஒரு லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்துக்கொண்டு.

ஆகவே உங்கள் கடையைக் கடிப்பது பாயின்ட்டை விட, கடனுக்குக் கொடுத்த சரக்கை விற்பனை என்று நினைத்துச் சந்தோஷப்படும் பழக்கம்தான். மற்ற மூன்று பக்கங்களிலும் இதே கதை, தொகை மட்டும் சிறியது. நாளைக் காலையிலிருந்து பற்றுக்குப் பாயின்ட் கிடையாது. ரொக்கம், ஜிபே மட்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; கோபித்துக்கொள்பவர் எப்படியும் பாக்கிக்காரராகத்தான் இருப்பார்.

பாயின்ட் திட்டமே மோசடி என்று நான் சொல்லவில்லை. அது எங்கே பலிக்கும் என்பதுதான் விஷயம். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் தூரத்துக்குப் பாயின்ட் தரும் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. காலியாகப் பறக்கவிருந்த சீட்டில் ஒருவரை இலவசமாக உட்கார வைத்தால் விமானக் கம்பெனிக்குப் பெரிதாக என்ன செலவு? உங்கள் கடையில் காலி சீட் கிடையாது. இலவசமாகப் போகும் ஒவ்வொரு கிலோ அரிசியும் மண்டியில் காசு கொடுத்து வாங்கியது. டீக்கடை, சலூன், பேக்கரி என்றால் லாபம் அதிகம், ஆள் அடிக்கடி வருவார். அங்கே ஓரளவு கட்டுப்படியாகும். அரிசி, எண்ணெய், சீனி விற்கும் இடத்தில் இரண்டு சதவீதம் என்பது சதையை அறுத்துக் கொடுப்பது.

உங்களிடம் லாபம் உள்ள சரக்கு ஒன்று இருக்கிறது. நீங்களே அரைத்துப் பாக்கெட் போடும் சாம்பார்ப் பொடி. 60 ரூபாய்ப் பாக்கெட்டுக்கு அடக்கம் 42 என்கிறீர்கள். எட்டுப் பாக்கெட் வாங்கினால் ஒன்று இலவசம் என்று அட்டை அடித்து சீல் குத்திக் கொடுங்கள். எட்டுப் பாக்கெட்டில் லாபம் 144, இலவசப் பாக்கெட் அடக்கம் 42, மிச்சம் 102. அட்டை அச்சடிக்க ஒரு முறை செலவு, மாத வாடகை எதுவும் இல்லை. இதில் ஒரு சின்ன சூட்சுமமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் கடையில் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், அதில் இரண்டு ஏற்கெனவே குத்தியது. இரண்டு பேருமே எட்டு முறைதான் வர வேண்டும். ஆனால் முதல் வகையில் 19 சதவீதம் பேர் அட்டையை முடித்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். அதனால் பத்துக் கட்டமாக அடித்து, இரண்டு சீலை நீங்களே குத்திக் கொடுங்கள்.

ஐயப்ப சீசன் கூட்டத்துக்கு இது எதுவும் வேண்டாம். அச்சன்கோவிலுக்கும் ஆரியங்காவுக்கும் போகும் பஸ் பத்து நிமிஷம் நிற்கிறது. சாமிமார் கற்பூரமும் நெய்யும் வாங்குகிறார்கள். அந்த அவசரத்தில் பையன் போன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அடுத்த கார்த்திகையில்தான் வரப்போகிறவருக்குப் பாயின்ட் எதற்கு? ஒரு சின்னக் கற்பூரப் பாக்கெட்டைக் கொசுறாகப் போடுங்கள், போதும்.

இன்னொன்று, எல்லையில் கடை வைத்திருப்பதால் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய ஒரு பில்லில் வாடிக்கையாளர் பெயருக்குக் கீழே 'கேரளா' என்று ஆப் அச்சடித்திருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து, ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு விற்கும்போது பில்லில் அவர் முகவரி இருந்தால் சப்ளை நடந்த இடம் அதுதான். மாநிலத்தின் பெயர் மட்டும் இருந்தாலே முகவரி இருப்பதாகத்தான் அர்த்தம். எதுவும் எழுதாவிட்டால் உங்கள் கடை இருக்கும் இடம். நீங்கள் காம்போசிஷனில், அதாவது சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி திட்டத்தில், 1 சதவீதம் கட்டுகிறவர். காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு சப்ளை செய்யக்கூடாது. புனலூர்க்காரர் உங்கள் கடைக்கே வந்து பை நிறைய வாங்கிப் போனதை அந்த ஒரு சொல் வெளிமாநில விற்பனையாக மாற்றிவிடும். ஓணத்துக்குள், மாநிலத்தின் பெயரை அச்சடிக்கும் அந்தக் கட்டத்தை ஆப்காரரிடம் அடைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே போன பில்களை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள்.

ஆப்பை ஒரே நாளில் மூடிவிடாதீர்கள், ஊர் ஏசும். பொடி அட்டை தயாரானதும், இனிமேல் யாருக்கும் பாயின்ட் ஏறாது, இருப்பதை மூன்று மாதத்துக்குள் கழித்துக்கொள்ளலாம் என்று போர்டு எழுதி வையுங்கள். யாராவது கழிக்க வந்தால் சாம்பார்ப் பொடியை முதலில் நீட்டுங்கள். 47,000-மும் பொடியாகவே போனால் உங்கள் அடக்கம் சுமார் 33,000-தான். அரிசிதான் வேண்டும் என்றால் முகம் சுளிக்காமல் அரிசியைக் கொடுங்கள். நீங்கள் கொடுத்த வாக்கு அது.

கடைசியாக மச்சான். உங்கள் மனைவியைத் தூது அனுப்ப வேண்டாம். நகையும் அவருடையது, அண்ணனும் அவருடையவர், பாவம். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து நான்கு மணிக்கு மெஸ்ஸுக்கு நீங்களே நோட்டோடு போங்கள். பழைய பாக்கிக்கு வாரம் 5,000. இருபத்திரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். புதுச் சரக்கு அன்றன்றைக்கு ரொக்கம். மருமகன் ஆப் பேச்சை எடுத்தால் இன்றைக்கு அதைப் பேச வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். வருகிற 5,000-ஐ மண்டிக்குத் திருப்பாமல் அன்றே நகைக்கடனில் கட்டி, ரசீதை வீட்டில் மனைவி கையில் கொடுங்கள்.